பச்சை மூடி மகாத்மியம்

கிடார் ஆம்ப்ளிஃபயர் பித்தர்களிடம் பழைய ஸ்பீக்கர் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். காதில் கேட்பதற்கு முன்னால் கவிழ்த்து முதுகைப் பார்ப்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்தை மட்டும் புரட்டிவிட்டுக் கிளம்புகிறவர்கள் இவர்கள்.

இங்கிலாந்தின் செலஸ்டியன் ஜி12எம் ஸ்பீக்கருக்குக் காந்தத்தின் மேல் பச்சை பிளாஸ்டிக் மூடி, அதனால் ‘கிரீன்பேக்’. பின்னாளில் கறுப்பு, கிரீம் மூடிகளும் வந்தன. மூடி பாடாது. ஆனாலும் பச்சைக்குத் தனி ‘டோன்’ உண்டாம், தனி விலையும்.

அல்னிகோ என்னும் உலோகக் கலவைக் காந்தத்தின் கட்சியார் இன்னும் கறார். வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபயரில் உட்கார்ந்த நீல நிற அல்னிகோ செலஸ்டியனின் தாங்குதிறன் வெறும் 15 வாட். ஓங்கி வாசித்தவர்களிடம் பல கருகிப்போயின. அடக்கி வாசித்தவர்களுடையது இன்று பொக்கிஷம்.

காகிதக் கூம்பு மட்டும் அசலாக, கீறல் இல்லாமல் இருக்க வேண்டும். மாற்றினால் மதிப்புப் போச்சு. 1964இல் கிங்க்ஸ் இசைக்குழுவின் டேவ் டேவிஸ் தன் குட்டி ஆம்ப்பின் கூம்பைச் சவரப் பிளேடால் கிழித்துத்தான் ‘யூ ரியலி காட் மீ’ பாட்டின் கரகரப்பை எடுத்தார். அந்த ஸ்பீக்கரை இவர்களிடம் கொண்டுபோனால் பாதி விலைக்குக் கேட்பார்கள்.