பூட்டிய கதவிடம் தோற்க எளிய வழிகள்

நியூயார்க் தீயணைப்புத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, பூட்டிய கதவை எப்படித் திறப்பது என்று உங்கள் பயிற்சியாளர் சொல்லித்தருவார். கடைசிவரை திறக்காமலே வியர்த்துக் கொட்டுவது எப்படி என்று அவர் சொல்லமாட்டார். அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த வழிகாட்டி.

முதலில், கைப்பிடியைத் தொடாதீர்கள். நெம்புமுன் திருகிப் பார் என்று இந்தத் தொழிலில் ஓயாமல் ஓதுவார்கள். காதில் வாங்க வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து நிலையோடு கதவைப் பெயர்த்த பிறகு, வீட்டுக்காரர் வந்து “நான் பூட்டவே இல்லையே” என்பார். முகமெல்லாம் கரியாக இருப்பதால் அசடு வழிவது தெரியாது.

அடுத்து, தோளால் மோதுங்கள். சினிமாவில் ஒரே உதைக்குக் கதவு பறக்கிறதே என்றால், அது பறப்பதற்கென்றே செய்த கதவு. நியூயார்க் அடுக்குமாடியில் இரும்புத்தகடு போர்த்திய கதவு, இரும்பு நிலை, ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டு. போதாக்குறைக்குச் சில பழைய வீடுகளில் தரையிலிருந்து கதவின் நடுவுக்குச் சாய்வாக ஒரு இரும்புக் கம்பி முட்டுக்கொடுத்து நிற்கும். ஃபாக்ஸ் போலீஸ் லாக் என்று பெயர். திருடனுக்கு அஞ்சி வைத்தது. திருடனுக்கும் தீயணைப்பு வீரருக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை.

தோள் வீங்கியபின் கருவியை எடுக்கலாம். ஹாலிகன் கம்பி என்பார்கள். ஒரு முனை கவைபோலப் பிளந்திருக்கும். மறுமுனையில் தச்சரின் வாய்ச்சி போன்ற தட்டை அலகும், பக்கவாட்டில் ஒரு கூர்க்கொம்பும். நீளம் ஏறக்குறைய இரண்டரை அடி. இதே துறையில் உயர் அதிகாரியாக இருந்த ஹியூ ஹாலிகன் 1940-களின் பிற்பகுதியில் வடிவமைத்தது. அதற்கு முன்பிருந்த நகக்கம்பி கனமானது, சமநிலை இல்லாதது, அடித்தால் அடி நேராக இறங்காது. சொந்த அதிகாரியின் சரக்கை வாங்கினால் ஊர் என்ன பேசும் என்று நியூயார்க் தயங்கி நிற்க, பாஸ்டன் முந்திக்கொண்டது. நல்ல கருவியை வேண்டாம் என்று சொல்வதில் அரசு அலுவலகங்களுக்கு எந்த ஊரிலும் ஒரு கைத்திறமை உண்டு.

இதன் ஜோடி, முதுகு தட்டையான கோடாரி. அந்த முதுகால்தான் கம்பியை அடிக்க வேண்டும். நீங்கள் கூர்ப்பக்கத்தால் அடியுங்கள்.

கதவு உள்ளே போகுமா, வெளியே வருமா என்று ஆராயாதீர்கள். கீல் கண்ணுக்குத் தெரிந்தால் பெரும்பாலும் உங்கள் பக்கம் வரும். தெரியாவிட்டால் உள்ளே போகும். பார்க்க ஒரு நொடிதான். அதை மிச்சம்பிடித்து, தவறான பக்கம் நிதானமாக நெம்பிக்கொண்டிருங்கள்.

உள்ளே திறக்கும் கதவுக்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் முறையையும் தெரிந்துகொள்வது நல்லது, தெரிந்தால்தானே மீறலாம். பூட்டுக்கு அரை அடி மேலோ கீழோ, கதவுக்கும் நிலைக்கும் நடுவே வாய்ச்சி அலகைச் செருகி இடுக்கு உண்டாக்குவார்கள். அந்த இடுக்கில் கவையை வைத்துக் கோடாரி முதுகால் அடிப்பார்கள். கவை இறங்க இறங்கக் கம்பியைக் கதவிலிருந்து மெல்ல விலக்கிக்கொண்டே வருவார்கள். இல்லாவிட்டால் நுனி நிலைக்குள் குத்திக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். நிலையின் உள்விளிம்பைத் தாண்டிக் கவை பிடித்துக்கொண்ட பிறகுதான் கம்பியைக் கதவை நோக்கித் தள்ளுவார்கள். பூட்டின் நாக்கு பிதுங்கி வெளியே வந்துவிடும். கவனித்தீர்களா, பலம் கடைசியில்தான், அதுவும் கொஞ்சம்தான். முதல் இரண்டும் வெறும் பொறுமை. எனவே அவற்றை விட்டுவிட்டு நேரே மூன்றாவதற்குப் போங்கள். தசை அங்கேதான் தெரியும். கதவு மட்டும் அசையாது.

கம்பி பிடிப்பவர் “அடி” என்றால் அடிக்கவும் “நிறுத்து” என்றால் நிறுத்தவும் வேண்டுமாம். பேசாமல் ஓங்கி ஓங்கி அடியுங்கள். கம்பியைப் பிடித்திருக்கும் நண்பருக்கு விரல்கள் பத்து இருக்கின்றன.

பயிற்சிக்கூடத்தில் இரும்புக் கதவு ஒன்றை நிறுத்தி, பூட்டுக்குப் பதில் மரத்துண்டைச் செருகி வைப்பார்கள். உடைந்ததும் வேறு துண்டு. நாலு துண்டை ஒடித்தவுடன் கற்றுத் தேர்ந்துவிட்டதாக அறிவித்துவிடுங்கள். ஏனென்றால் அடுத்து முகமூடிக் கண்ணாடியை மறைத்து, மண்டியிடவைத்து, குறுகலான நடையில் அதையே செய்யச் சொல்வார்கள். புகையில் எதுவும் தெரியாது, நிமிர்ந்தால் வெந்துவிடும், கோடாரி ஓங்க இடமிருக்காது. அந்தப் பாடத்தன்று வயிற்றுவலி நல்லது.

ஒருவழியாகத் திறந்துவிட்டதா? விரியத் திறந்துபோட்டுக் கைதட்டலுக்குக் காத்திருங்கள். 2012-ல் நியூயார்க்கின் கவர்னர்ஸ் தீவில், இடிக்கவிருந்த வீடுகளுக்குத் தீவைத்து ஆராய்ந்தார்கள். அதில் தெரிந்தது இதுதான்: காற்றின்றித் திணறும் நெருப்புக்கு, திறந்த கதவு மூச்சுக்காற்று கொடுக்கிறது. தண்ணீர் தயாராகாமல் திறந்தால் நெருப்பு சட்டென்று பெருகும். அதனால்தான் கைப்பிடியில் முதலிலேயே பட்டையோ கயிறோ மாட்டி, உடைத்த கதவை மறுபடி இழுத்துச் சாத்தி, பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பாடுபட்டுத் திறந்ததை மூடுவதா? உங்கள் கௌரவம் என்னாவது?

ஒன்றை மட்டும் கேலியாகச் சொல்ல மனம் வரவில்லை. தப்பிக்க வாசலுக்கு ஓடிவந்தவர்கள் கதவருகிலேயே விழுந்துகிடப்பது உண்டு. உள்ளே போகும் கதவு நகராமல் மெத்தென்று முட்டினால், மேலும் தள்ளாதீர்கள். கையைவிட்டுத் துழாவுங்கள். திறந்ததும் கதவின் பின்புறத்தைப் பாருங்கள்.

மற்றபடி, உள்ளே போகும்போது கீல் பக்கம் ஆப்பு எதுவும் வைக்க வேண்டாம். கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டு, வளைந்த நிலையில் இறுகிப்போகும். கம்பியையும் கோடாரியையும் வெளியே நடையில் சாய்த்து வைத்துவிட்டுத்தானே வந்தீர்கள்?