மடக்கு நாற்காலியும் மூப்புப் பட்டியலும்

அமெரிக்க விமான நிறுவனங்களில் பணியாற்றும் விமானிகளில் கணிசமானோர் குடியிருக்கும் ஊர் ஒன்று, பணியைத் தொடங்க வேண்டிய ஊர் வேறொன்று. நிறுவனம் ஒதுக்கிய பணித்தளம் நியூயார்க்காக இருக்க, வீடும் குடும்பமும் வீட்டுக்கடனும் ஃப்ளோரிடாவில் இருப்பதை அங்குள்ளோர் வியப்பாகக் கருதுவதில்லை. பணித்தளங்கள் நிறுவனத்தின் வசதிக்கேற்பத் திறக்கப்படுவதும் மூடப்படுவதும் உண்டாதலால், ஒவ்வொரு முறையும் பிள்ளைகளுக்குப் பள்ளி தேடுவதைவிட ஆயிரம் மைல் பறந்து வேலைக்குப் போவது எளிது என்று அவர்கள் முடிவு செய்திருக்கின்றனர். அப்பயணத்துக்கான சீட்டை யார் வாங்குவது என்ற இயல்பான கேள்விக்கு, யாரும் வாங்குவதில்லை என்பதே விடையாகும்.

சீட்டுக்குப் பதிலாக அவர்களுக்கு வாய்த்திருப்பது ஜம்ப்சீட். விமானத்தைச் செலுத்தும் இருவருக்கும் பின்னால், அரசு ஆய்வாளர்களும் விமானிகளின் திறனைச் சோதிக்கும் மூத்த விமானிகளும் அமர்வதற்கென்று காக்பிட்டில் பொருத்தப்பட்ட கூடுதல் இருக்கை இப்பெயரால் வழங்குகிறது. அதிகாரிகள் வராத நாள்களில் வீட்டுக்கோ வேலைக்கோ போகும் விமானி அதில் இலவசமாக அமரலாம். பயணிகள் பகுதியில் இடம் காலியாக இருந்தால் அங்கே உட்கார வைத்துவிடுவதும் வழக்கம். இடமே இல்லாதபோதுதான் உண்மையான ஜம்ப்சீட்டின் தரிசனம் கிடைக்கும். போயிங் 737 விமானத்தில் அது கதவருகே, உள்ளே வரும் வழியை அடைத்துக்கொண்டு விரிகிறது; அதன் முதுகுப்பலகையின் நிமிர்வையும் கால் நீட்டக் கிடைக்கும் இடத்தையும் காண்பவருக்கு, அதை வடிவமைத்தவர் மனிதனுக்கு இடுப்புக்குக் கீழே ஏதேனும் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாரா என்ற ஐயம் எழாமல் போகாது. பல்லாயிரம் மணி நேரம் பறந்து, நரை கண்டு, நல்ல ஊதியம் பெறும் பெரியவர்கள் ஒருவரையொருவர் முந்த முயல்வது இந்த ஆசனத்துக்காகத்தான் என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நலம்.

ஆசனம் ஒன்றாகவும் வந்து நிற்பவர் இருவராகவும் இருந்தால் அது யாருக்கு உரியது என்பதைப் பல நிறுவனங்களில் பணிமூப்பு தீர்மானிக்கிறது. பணிமூப்பு என்பது இங்கே திறமையையோ பறந்த மணிக்கணக்கையோ குறிப்பதில்லை. அந்தக் குறிப்பிட்ட நிறுவனத்தில் சேர்ந்த நாளைக் கொண்டு ஒருவருக்குக் கிடைக்கும் வரிசை எண்ணையே குறிக்கும். எந்த வகை விமானம், எந்தப் பணித்தளம், கேப்டனின் இடப்பக்க இருக்கையா துணை விமானியின் வலப்பக்க இருக்கையா, கிறிஸ்துமஸ் அன்று வீட்டிலா வானிலா, ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியேறுபவர் யார் என்பன யாவும் அவ்வெண்ணின் வழியாகவே முடிவாகின்றன. ஒரே நாளில் ஒரே வகுப்பில் சேர்ந்தவர்களுக்குள் மூத்தவர் யார் என்பதைச் சில நிறுவனங்கள் வயதைக் கொண்டும், வேறு சில சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி இலக்கங்களைக் கொண்டும் முடிவு செய்கின்றன. முப்பது நாற்பது ஆண்டு வாழ்க்கையை நான்கு இலக்கங்களைக் கொண்டு கணித்துவிடும் இந்த எளிமை, கட்டமும் கிரகமும் வரைந்து சிரமப்படும் சோதிடர்களுக்குத் தெரிந்தால் அவர்கள் பொறாமை கொள்வர்.

இந்த முறையை ஏளனம் செய்வது எளிது. ஆயினும் மேலதிகாரியின் மருமகனாலும், நன்றாகச் சிரித்துப் பேசுபவனாலும் வளைக்க முடியாத ஓர் ஏற்பாட்டை உலகில் வேறெங்கும் எளிதில் காண முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்னால் இருப்பவர் ஓய்வுபெற்றால் பின்னால் இருப்பவர் ஓர் எண் முன்னேறுவார்; அவ்வளவே. 2007 டிசம்பரில் ஓய்வு வயது 60இலிருந்து 65ஆக உயர்த்தப்பட்டபோது, பட்டியலின் மேலே இருந்தவர்கள் அனுபவத்தின் அருமையைப் பற்றியும் கீழே இருந்தவர்கள் முதுமையின் தளர்ச்சியைப் பற்றியும் திடீரென ஆழ்ந்த கவலை கொண்டதும் இவ்வரிசையின் இயல்பே.

சிக்கல் என்னவென்றால், மூத்தவருக்கு அந்த நாற்காலி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. பணிமூப்பு மிக்கவர் வீட்டுக்கு அருகிலுள்ள தளத்தையே கேட்டுப் பெறலாம். அது இயலாவிட்டாலும், நண்பகலில் தொடங்கி மாலையில் முடியும் பணிகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, கூட்டமில்லாத விமானங்களில் சாவகாசமாகப் போய்வரலாம். இளையவரோ மற்றவர்கள் விரும்பாத தளத்தில், மற்றவர்கள் விரும்பாத அதிகாலைப் பணிக்கு, ஞாயிறு மாலையின் நிறைந்த விமானத்தில் போயாக வேண்டியவர். அழைத்தால் சில மணி நேரத்துக்குள் வந்து நிற்க வேண்டிய ரிசர்வ் பணியில் இருப்பாரானால், நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் போன்ற பகுதிகளில் பலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டின் அடுக்குக் கட்டிலில் காத்துக் கிடக்க வேண்டியவரும் அவரே. (அவ்வீடுகளில் கீழ்க்கட்டில் யாருக்கு என்பதற்கும் பணிமூப்பு செல்லுமா என்பது தனி ஆய்வுக்குரியது.) இரண்டு விமானங்களுக்கு முயன்றும் இடம் கிடைக்காதவரைத் தண்டிக்கலாகாது என்ற பாதுகாப்பைப் பல ஒப்பந்தங்கள் வழங்குகின்றன, எனினும் தகுதிகாண் காலத்தில் இருக்கும் புதியவர் அதை எடுத்துக்காட்டிப் பேசத் துணிவதரிது.

இவ்வேற்பாட்டில் சிரிப்பு அடங்கிப்போகும் இடமும் ஒன்றுண்டு. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். அதன் துணை விமானி முந்தைய இரவில் சியாட்டிலிலிருந்து சரக்கு விமானத்தில் மெம்ஃபிஸ் வந்து, அங்கிருந்து நூவர்க் சென்று பணியேற்றவர், கேப்டனோ ஃப்ளோரிடாவில் வசித்தவர். விபத்துக்கு முதற்காரணம் கேப்டன் எச்சரிக்கைக்குத் தவறாக எதிர்வினை ஆற்றியதே என்று விசாரணை முடிவு கூறியது. ஆயினும் களைப்பு பற்றிய கேள்வி நாடாளுமன்றம் வரை சென்றது. வேலைக்குப் போகும் பயணத்தை ஆராயுமாறு 2010ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது. 2011இல் வெளிவந்த அறிக்கை, ஒழுங்குமுறை விதிக்கப் போதிய தரவு இல்லை என்றது. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஓய்வு விதிகளிலும், விமானி தானாக மேற்கொள்ளும் இப்பயணம் பணிநேரமாகக் கணக்கிடப்படவில்லை.

மூப்புக்குப் பதிலாக முதலில் வந்தவருக்கு முதலிடம் என்று வைத்தால் நியாயம் பிறந்துவிடும் என்று எண்ணுவோர், பயணிகள் பகுதியின் காலி இடங்களுக்காக ஊழியர்கள் நிற்கும் இலவசப் பயண வரிசையில் அமெரிக்கன் நிறுவனம் கண்ட அனுபவத்தை நோக்கலாம். 2013 இறுதியில் அது யுஎஸ் ஏர்வேஸுடன் இணைந்தபோது, ஒரு பக்கத்து ஊழியர்கள் பணிமூப்பின்படியும் மறுபக்கத்தார் செக்-இன் செய்த நேரத்தின்படியும் இடம் பெற்றுப் பழகியிருந்தனர். நிறுவனம் நேரத்தையே தேர்ந்தெடுத்தது. முப்பதாண்டு சேவையை விரல்நுனியின் வேகம் வென்றுவிடும் நிலை வந்ததும், மூத்தோர் அதை அவமதிப்பென்றும் இளையோர் அதை மக்களாட்சியென்றும் கருதினர்.

நிறுவனங்கள் இணையும்போது அவற்றின் மூப்புப் பட்டியல்களை இணைப்பது இதனினும் கொடிது. 2001இல் டிடபிள்யூஏ நிறுவனத்தை அமெரிக்கன் வாங்கியபோது, நெடுங்காலம் பறந்த பலர் புதிய பட்டியலின் அடியில் ஒட்டப்பட்டனர். யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் 2005இல் இணைந்தபின், சேர்ந்த நாளே மூப்பு என்று யுஎஸ் ஏர்வேஸின் விமானிகளான கிழக்குத் தரப்பும், பட்டியலில் வகித்த இடமே மூப்பு என்று அமெரிக்கா வெஸ்டின் விமானிகளான மேற்குத் தரப்பும் வாதிட, நடுவர் 2007இல் அளித்த தீர்ப்பை ஏற்காத கிழக்குத் தரப்பு, சங்கத்தையே மாற்றிவிட்டு ஆண்டுக்கணக்கில் போராடியது. இரண்டு கொள்கைகளுமே நியாயமானவை என்பதுதான் வழக்கு நீண்டதற்குக் காரணம்.

ஜம்ப்சீட் கேட்டு வரும் வேறு நிறுவனத்து விமானிக்கோ தம் மூப்பு எண்ணால் பயனில்லை. கல்யாணப் பந்தியில் வீட்டாரின் உறவினர் அமர்ந்தபின் எஞ்சிய இலையில் அயலார் அமர்வது போல, சொந்த நிறுவனத்தவருக்குப் பின்னரே அவர் முறை வரும். அதற்கும் கேப்டனின் இசைவு வேண்டும். எனவே அவர் காக்பிட் வாசலில் நின்று, அடையாள அட்டையை நீட்டி, பணிவுடன் அனுமதி கேட்பது எழுதப்படாத சட்டமாகும். 1991இல் ஈஸ்டர்னும் பான் ஆமும் மூடப்பட்டபோது, அங்கே கேப்டன்களாக இருந்தவர்களும் புதிய நிறுவனங்களில் கடைசி எண்ணோடு தொடங்கி, மகன் வயதுள்ள கேப்டன்களிடம் இவ்வாறு கேட்டிருப்பர். கேட்டும் மறுக்கப்பட்டோர், 1980களின் வேலைநிறுத்தங்களில் மறியலைத் தாண்டி வேலைக்குப் போனவர்கள். அவர்கள் பெயர்ப் பட்டியலைப் பையில் வைத்திருந்த கேப்டன்கள், மூப்புப் பட்டியலைவிட அதையே கவனமாகப் பாதுகாத்தனர்.

இத்தனை வரிசைகளையும் ஒரு நொடியில் கலைப்பவர் ஒருவர் உண்டு. கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஆய்வாளர் தம் சான்றைக் காட்டிவிட்டால், ஜம்ப்சீட் அவருக்கே என்பது சட்டம்; இரண்டு மணி நேரம் முன்னதாக வந்து காத்திருந்த இளையவரும், பட்டியலின் முதல் பக்கத்தில் இருக்கும் மூத்தவரும் ஒன்றாகவே எழுந்து, அடுத்த விமானம் எத்தனை மணிக்கு என்று வாயிற்பணியாளரிடம் விசாரிக்கப் போக வேண்டியதுதான். மூப்புப் பட்டியலில் அந்த ஆய்வாளருக்கு எண்ணே கிடையாது.