சம்பளம் வாங்காத மேனேஜர்

ஃபிலடெல்ஃபியாவில் நம்மவரைக் கண்டுபிடிப்பது சுலபம். சுவரில் டி.வி. ஓடுகிற மதுக்கடை எதிலாவது, அந்த டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். தலைக்கு மேலே அவருடைய செவன்டி சிக்ஸர்ஸ் அணி 24 பாயின்ட் பின்தங்கி ஆடிக்கொண்டிருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டார். கையில் பேனா, முன்னால் பேப்பர் நாப்கின். நாப்கினில் நாலைந்து பெயர்கள், குறுக்கும் நெடுக்குமாக அம்புக்குறிகள். இன்றைக்கு ராத்திரி நடக்கிற ஆட்டம் அவருக்குப் பொருட்டே இல்லை. யாரைத் தள்ளிவிட்டு யாரை இழுத்துப் போடலாம் என்பதுதான் கவலை.

பகலில் அவர் குழாய் ரிப்பேர் செய்யலாம், பல் பிடுங்கலாம், பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தலாம். அதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. மனசாரப் பார்க்கிற உத்தியோகம் பாஸ்கெட்பால் அணியின் ஜெனரல் மேனேஜர். நியமன உத்தரவு கிடையாது, சம்பளம் கிடையாது. ஆகவே ராஜினாமா செய்யவும் வழியில்லை.

இந்த இனம் செழித்து வளர்ந்தது 2013-லிருந்து மூன்று வருஷம். சாம் ஹிங்கி என்பவர் நிஜ மேனேஜராக வந்த காலம் அது. அமெரிக்க பாஸ்கெட்பாலில் புதுப் பையன்களை ஏலம் எடுப்பதில்லை. ‘டிராஃப்ட்’ என்று வருஷத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று பொறுக்கிக்கொள்வார்கள். அந்த வரிசையில் கிடைக்கிற இடத்துக்கு ‘பிக்’ என்று பெயர்; அதையும் கைமாற்றலாம். முன்வரிசையைக் குலுக்கல் போட்டுத் தீர்மானிப்பார்கள். அந்த நாளில் அதிகம் தோற்ற அணிக்கு அதிக வாய்ப்பு. ஜெயிக்கவும் ஜெயிக்காமல், உருப்படியாகத் தோற்கவும் தோற்காமல் நடுவில் கிடப்பதுதான் பாஸ்கெட்பாலில் பெரிய பாவம் என்று ஹிங்கி முடிவு கட்டினார். 82 ஆட்டங்களில் முதல் வருஷம் 19 வெற்றி, அடுத்த வருஷம் 18, அதற்கடுத்த வருஷம் 10. திட்டம் எவ்வளவு சிறப்பாக நடக்கிறது என்று நம்மவர் பூரித்துப்போனார்.

1968-ல் அமெரிக்க ஃபுட்பால் மைதானத்துக்கு வந்த கிறிஸ்துமஸ் தாத்தாவையே பனி உருண்டைகளால் அடித்த ஊர் அது. அப்படிப்பட்ட ஊர் வாரத்துக்கு மூன்று தோல்வியை வாங்கிக்கொண்டு, “பொறுமை வேணும்பா” என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டது என்றால் அந்த நம்பிக்கையைச் சாதாரணமாக எடைபோடக் கூடாது.

பொறுக்கிய பையன்களில்தான் சிக்கல். 2013 டிராஃப்ட் இரவில் நெர்லன்ஸ் நோயல் வந்தார், சென்டர்: கூடைக்குப் பக்கத்தில் நிற்கிற நெட்டை ஆள். 2014-ல் ஜோயல் எம்பீட்; சென்டர். 2015-ல் ஜலீல் ஒகஃபோர், அவரும் சென்டர். களத்தில் சென்டருக்கு இருப்பதோ ஒரே இடம். நோயலுக்குத் தடுக்கத் தெரியும், பந்து போடத் தெரியாது. ஒகஃபோருக்குப் போடத் தெரியும், தடுக்கத் தெரியாது. எம்பீடுக்கு இரண்டும் தெரியும் என்று கேள்வி. பாதத்தில் எலும்பு முறிந்து இரண்டு வருஷம் கோட்டு சூட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் பார்த்தவர் யாருமில்லை. அந்த எலும்புக்கு நாவிகுலர் என்று பெயர். ஃபிலடெல்ஃபியா தவிர வேறெந்த ஊரிலும் குழாய்க்காரருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது. நம்மவர் பாதத்தின் படத்தை நாப்கினில் வரைந்து, எங்கே திருகாணி போட்டிருக்கிறார்கள் என்றுகூடக் காட்டுவார்.

ஆக, யாரையாவது விற்றாக வேண்டும். யாரை? 2015-16 குளிர்காலம் முழுக்க இதே பேச்சு. மேஜையில் இருந்த உப்பு, மிளகுக் குப்பிகளும் கெட்சப் பாட்டிலும் மூன்று சென்டர்களாகப் பதவியேற்றன. கெட்சப்தான் எம்பீட், அதை யாரும் தொடக் கூடாது.

“ஒகஃபோரை பாஸ்டனுக்குத் தள்ளு. அவன்கிட்ட இருக்கிற புரூக்ளின் பிக்கைக் கேளு. கூட கார்டு ஆடுற பையன் ஒருத்தன்.”

“பாஸ்டன்காரன் எதுக்குய்யா குடுக்கப் போறான்?”

“ஏன் குடுக்க மாட்டான்? அவனுக்கு நல்ல சென்டர் இல்லையே.”

“சென்டர்தான் இல்ல. மூளையுமா இல்ல?”

நம்மவர் அசர மாட்டார். மிளகுக் குப்பியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, உப்புக் குப்பியை நடுவுக்கு நகர்த்தி, “இப்ப பாரு, எவ்வளவு இடம்!” என்பார். மேஜையில் உண்மையிலேயே இடம் கிடைத்திருக்கும்.

நம்மவருடைய விலை நிர்ணயத்துக்குத் தனி தர்மம் உண்டு. பெண்ணுக்கு வரன் பேசும்போது நம் வீட்டுப் பெண்ணின் கோபம் ‘சுறுசுறுப்பு’ ஆகவும், மாப்பிள்ளையின் சுறுசுறுப்பு ‘முன்கோபம்’ ஆகவும் மாறுமே, அதுதான். நம் பையனுக்கு முழங்கால் போயிருந்தால், “இன்னும் இருபத்தொரு வயசுதானே, எல்லாம் சேர்ந்துக்கும்.” எதிரணிப் பையனுக்குக் கட்டைவிரலில் சுளுக்கு என்றால், “ஒடிசல் உடம்பு, தாங்காது.” நம் பையன் சுமாராக ஆடினால் அது பயிற்சியாளர் குற்றம். அவர்கள் பையன் பிரமாதமாக ஆடினால், ஒப்பந்தம் முடிகிற வருஷம், காசுக்காக ஆடுகிறான்.

வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் போனதும் கம்ப்யூட்டரில் இ.எஸ்.பி.என். நிறுவனத்தின் ‘ட்ரேட் மெஷின்’ காத்திருக்கிறது. இன்னாரைக் கொடுத்து இன்னாரை வாங்குகிறேன் என்று தட்டினால், இரண்டு பக்கமும் சம்பளக் கணக்கு விதிப்படி ஒத்துவருகிறதா என்று பார்த்துச் சொல்லும். மெஷின் பார்ப்பது சம்பளத்தை. எதிராளி இதற்குச் சம்மதிப்பானா, சிரிப்பானா என்பது அதன் இலாகா இல்லை. “செல்லும்” என்று அது சொன்ன கணத்திலிருந்து அந்த ட்ரேடு நம்மவர் மனசில் நடந்து முடிந்துவிடும். மறுநாள் பேசும்போது, “நம்ம பசங்க” என்று இன்னும் பாஸ்டனில் இருக்கிறவர்களையும் சேர்த்துச் சொல்வார்.

எல்லாவற்றையும்விட அவரைப் படுத்தியது லேக்கர்ஸ் பிக். 2015 பிப்ரவரியில், முந்தைய வருஷம்தான் சிறந்த புதுமுகம் என்று விருது வாங்கிய மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸைக் கொடுத்துவிட்டு, லேக்கர்ஸ் அணியின் எதிர்கால டிராஃப்ட் உரிமை ஒன்றை ஹிங்கி வாங்கினார். அதில் ஒரு நிபந்தனை. 2016-ல் லேக்கர்ஸுக்கு முதல் மூன்று இடத்துக்குள் கிடைத்தால் பிக் அவர்களுக்கே; நமக்கு வரவேண்டியது அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். நாலாவது அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான் நமக்கு. அதாவது லேக்கர்ஸ் தோற்க வேண்டும். ஆனால் அளவோடு தோற்க வேண்டும். மேற்குக் கரையில் லேக்கர்ஸ் ஆட ஆரம்பிக்கும்போது ஃபிலடெல்ஃபியாவில் மணி ராத்திரி பத்தரை. சொந்த அணிக்கு முதுகைக் காட்டியவர், இரண்டாயிரம் மைலுக்கும் அப்பால் இன்னோர் அணி கொஞ்சம் மட்டும் ஜெயிக்கட்டும் என்று ஒருமணி வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பார்.

அந்த நிலைமையில் 2015 டிசம்பர் 1 வந்தது. சிக்ஸர்ஸ் அந்த சீசனில் 18 ஆட்டம் ஆடி 18-லும் தோற்றிருந்தார்கள். முந்தைய சீசனின் கடைசிப் பத்தையும் சேர்த்தால் தொடர்ந்து 28. அன்றைக்கு வந்த விருந்தாளி லேக்கர்ஸ். ஓய்வை அறிவித்துவிட்ட கோபி பிரயன்ட், தான் வளர்ந்த ஊர்ப்பக்கம் கடைசியாக ஆட வந்திருந்தார். அரங்கம் உணர்ச்சிப் பெருக்கில் இருந்தது. சிக்ஸர்ஸ் 103-91 என்று ஜெயித்துத் தொலைத்தார்கள்.

ஊரே குதித்தது. நம்மவர் கணக்குப் போட்டார். நாம் ஜெயித்ததால் குலுக்கலில் நம் பங்கு குறைகிறது: நஷ்டம் ஒன்று. லேக்கர்ஸ் தோற்றதால் முதல் மூன்றை நோக்கி நகர்கிறார்கள், பிக் கைநழுவுகிறது: நஷ்டம் இரண்டு. ஒரே ராத்திரியில் இரண்டு நஷ்டம். வீட்டில் மனைவி ஆசையாகக் கேட்டாள்:

“இன்னிக்கு ஜெயிச்சாங்களாமே?”

“அதை ஏன் கேக்கறே!”

சொல்லிவைத்த மாதிரி 2015, 2016, 2017 மூன்று வருஷமும் குலுக்கலில் லேக்கர்ஸுக்கு இரண்டாவது இடம் விழுந்தது. மூன்று வருஷமும் பிக்கை அவர்களே வைத்துக்கொண்டார்கள். கடைசியில் 2018-ல் பத்தாவது பிக்காக அது ஃபிலடெல்ஃபியா வந்து சேர்ந்தது. மிகல் பிரிட்ஜஸை எடுத்தார்கள். பக்கத்து வில்லனோவா கல்லூரியில் ஆடிய உள்ளூர்ப் பையன். அம்மாவுக்கு வேலை சிக்ஸர்ஸின் உரிமையாளர் நிறுவனத்திலேயே. தாயும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் என்று நம்மவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள், அன்று ராத்திரியே பையனை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஹிங்கி 2016 ஏப்ரலிலேயே போய்விட்டார். ராஜினாமாக் கடிதம் 13 பக்கம். அதில் வாரன் பஃபெட் வருகிறார், நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவை வருகிறது. நம்மவர் அதை ஒரே மூச்சில் படித்தார். கல்யாணப் பத்திரிகையைக்கூட முழுசாகப் படிக்காதவர்.

சரி, அந்த உப்பும் மிளகும் என்ன ஆயிற்று? 2017 பிப்ரவரியில் நோயல் டாலஸுக்குப் போனார். பதிலுக்கு வந்ததில் ஒரு முதல் ரவுண்டு பிக்கும் உண்டு என்று முதலில் சொன்னார்கள். அதன் நிபந்தனையைப் படித்துப் பார்த்தால், 18-ஆம் இடம் வரைக்கும் டாலஸுக்கே. அவர்கள் தோற்ற தோல்விக்கு அது இரண்டாவது ரவுண்டு பிக் இரண்டாகச் சுருங்கியது. ஒகஃபோரை அந்த டிசம்பரில் புரூக்ளினுக்கு அனுப்பினார்கள். புரூக்ளின் பிக் வேண்டும் என்று நம்மவர் அடம்பிடித்தாரே, அதே புரூக்ளின். பிக் வரவில்லை, ஒகஃபோரை எடுத்துக்கொள்வதற்காக நாம்தான் இன்னோர் ஆட்டக்காரரையும் ஒரு பிக்கையும் சேர்த்துக் கொடுத்தோம். பதிலுக்கு வந்த ட்ரெவர் புக்கரை மூன்று மாதம் முடிவதற்குள் அணியே விடுவித்துவிட்டது.

“நான் அப்பவே சொன்னேன்” என்றார் நம்மவர். என்ன சொன்னார் என்பதற்குச் சாட்சி அந்த நாப்கின் மட்டும்தான். அதில் எப்போதோ வாயைத் துடைத்தாகிவிட்டது.

அந்த ஊர்ப்பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ப்ராட் ஸ்ட்ரீட் ரயிலில் நம்மவர் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் தாராளமாகப் பேசுங்கள், நல்ல மனுஷர்தான். ஜேசன் டேட்டம் பெயரை மட்டும் எடுக்காதீர்கள். 2017-ல் முதல் இடத்துக்கு ஆசைப்பட்டு, சிக்ஸர்ஸ் தன் மூன்றாவது பிக்கையும் பின்னால் வரவேண்டிய இன்னொன்றையும் பாஸ்டனுக்குக் கொடுத்தது. அந்த மூன்றாவது பிக்கில் பாஸ்டன் எடுத்தவர் டேட்டம். 2024-ல் பாஸ்டன் கோப்பை வாங்கியபோது அணியின் தூணாக நின்றவரும் அவர்தான். அந்த ட்ரேடு நடந்த அன்று மதுக்கடையில் எல்லாருக்கும் ஒரு ரவுண்டு பீர் வாங்கிக்கொடுத்தது நம்மவர்.