மிக்கியின் காது எந்தப் பக்கம்?

கார்ட்டூன் உலகம் வெறும் தட்டையா, இல்லை நம் உலகம் போல அதற்கும் ஆழம் உண்டா? இந்த வழக்கைக் கிளப்பிவிட்ட புண்ணியவான் வின்சர் மெக்கே. 1914-இல் அந்த அமெரிக்கர் மேடையில் நின்றபடி, திரையில் இருந்த கெர்டி என்ற டைனோசரிடம் ஓர் ஆப்பிளை வீசினார். அட்டை ஆப்பிள்தான்; அது உள்ளங்கைக்குள் ஒளிந்துகொண்டது. அதே நொடியில் வரைந்த ஆப்பிள் ஒன்று திரையில் வந்து விழுந்தது. அதோடு விட்டாரா? மனுஷன் திரைக்குப் பின்னால் போய், அடுத்த கணமே கோட்டுச் சித்திரமாக உள்ளே நுழைந்து, டைனோசர் மீதேறிச் சவாரி போனார். ரத்தமும் சதையுமாகப் போனவர் எந்த வாசல் வழியாகக் காகிதமானார் என்று கேட்டிருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும்.

அப்போதெல்லாம் டைனோசர் காலை அசைத்தால் பின்னால் இருக்கும் மலையையும் மறுபடி வரைய வேண்டும். அதற்கென்றே ஓர் உதவியாளர் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான தாள்களில் அதே காட்சியை நகலெடுத்தார். அந்த வருஷமே ஏர்ல் ஹர்ட் என்பவர் செல்லுலாய்டு தாள் முறைக்குக் காப்புரிமை கேட்டார். மலை அடியில், ஆள் மேலே தனித்தாளில். ஆக, கார்ட்டூன் உலகத்துக்கு முறைப்படி ஒரு கனம் கிடைத்தது: ஒரு செல்லுலாய்டு தாளின் கனம்!

ஜெர்மனியில் லோட்டே ராய்னிகர், கத்தரிக்கோலால் வெட்டிய நிழலுருவங்களைக் கண்ணாடி அடுக்குகளில் பரப்பி 1926-இல் முழுநீளப் படமே முடித்துவிட்டார். 1933-இல் அப் ஐவர்க்ஸ் பழைய செவர்லே காரின் பாகங்களை வைத்து அடுக்குக் கேமரா கட்டினார். ஆனாலும் ‘ஆழம்’ என்றதும் ஊர் கைகாட்டுவது வால்ட் டிஸ்னியைத்தான். காசு உள்ளவர் செய்தால்தானே கண்டுபிடிப்பு!

டிஸ்னியின் மனக்குறை நிலா. ராத்திரிக் காட்சியில் கேமரா வீட்டை நெருங்கினால் வீடு பெரிதாகும், சரி. கூடவே வானத்து நிலாவும் ஊதிப் பெருக்கும். எல்லாம் ஒரே தாள் அல்லவா? நிஜத்தில் வீட்டை நோக்கி நாலு அடி நடந்தால் நிலா பெரிதாவதில்லை. ஆகவே வேலி ஒரு கண்ணாடியில், வீடு ஒரு கண்ணாடியில், நிலா கடைக்கோடியில் என்று பிரித்து அடுக்கி, மேலேயிருந்து கேமரா பார்க்கும்படி இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலான ராட்சத இயந்திரத்தை நிறுத்தினார்கள். ஏழு அடுக்கு வரை வைக்கலாம். 1937-இல் ‘தி ஓல்ட் மில்’ குறும்படம் அதில் தயாராகி ஆஸ்கரும் வாங்கியது. ஏழு தட்டையைக் கூட்டினால் ஆழம் வந்துவிடும் என்று உலகம் ஒப்புக்கொண்டது.

கார்ட்டூனுக்கு உள்ளே இருக்கிறவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமே? 1949-இல் ஒரு கார்ட்டூனில், ரோடு ரன்னர் என்ற பறவையைத் துரத்தும் வைல் ஈ. கயோட்டி பாறையில் ஒரு சுரங்கப்பாதையைத் தத்ரூபமாக வரைந்தான். ரோடு ரன்னர் அதற்குள் ஜோராக ஓடிப்போனது. பின்னாலேயே பாய்ந்த கயோட்டிக்கு மட்டும் பாறை.

மிக்கி மவுஸ் இன்னும் மோசம். நேரே பார்த்தாலும் பக்கவாட்டில் பார்த்தாலும் காது இரண்டும் முழு வட்டம். காது தட்டு என்றால் பக்கவாட்டில் கோடாகத் தெரிய வேண்டும். பந்து என்றால் ஒன்று மற்றதை மறைக்க வேண்டும். இரண்டும் கிடையாது. டிஸ்னியின் ஓவியர்களுக்கே பொறுக்காமல், 1941-இல் ‘தி லிட்டில் வேர்ல்விண்ட்’ முதலான சில படங்களில் தலையோடு சேர்ந்து ஒழுங்காகத் திரும்பும் காதை வைத்துப் பார்த்தார்கள். சீக்கிரமே கைவிட்டார்கள். பிற்பாடு மிக்கியைக் கணினியில் செய்தவர்களும், தலை திரும்பும்போதெல்லாம் காதை நைசாக நகர்த்தி அந்த வட்டங்களைக் காப்பாற்றினார்கள்.

வழக்கில் ஜெயித்தது காதுதான்.