ஏழு சாண் ஆசாமி

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று சொன்னவருக்குக் குடலில் ஆபரேஷன் ஆகியிருக்காது. எனக்கு ஆகியிருக்கிறது. ஐந்தடி நீளப் பெருங்குடலில் ஒரு சாண் அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார்கள். ஆக, இப்போது நான் ஏழு சாண் ஆசாமி.

ஆஸ்பத்திரியில் மூன்று நாளும் எல்லோருக்கும் என்னிடம் ஒரே கேள்விதான். டாக்டர், "கேஸ் பாஸ் ஆச்சா?" நர்ஸ், "காத்து பிரிஞ்சுதா சார்?" தரை துடைக்க வந்த அம்மாள்கூட, "என்னய்யா, ஆச்சா?" 32 வருஷம் கருவூல அலுவலகத்தில் இந்தக் காரியத்தை யாருக்கும் தெரியாமல் நடத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாலாம் நாள் விடிகாலையில் அது நிகழ்ந்தபோது என் மனைவி எழுந்து உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆபரேஷனில் அசந்துபோன குடல் கண் விழித்ததற்கு அதுதான் முதல் அடையாளமாம். அரை மணி நேரத்தில் மதுரையிலிருந்து மச்சினன் போன் பண்ணி, "சந்தோஷம் அத்தான்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளின் ராஜ்யம். வலிக்கு டிராமடால். வலி போனது வாஸ்தவம். கூடவே குடலும் மறுபடி படுத்துவிட்டது. அந்த ஜாதி மருந்து மூளையில் வலியை அமுக்குகிற கையோடு குடலின் அசைவையும் அமுக்கிவிடுமாம். அதற்கு மாற்றாக லாக்டுலோஸ் என்று ஒரு பாகு. சிறுகுடல் அதைச் சீண்டாமல் கீழே அனுப்பிவிடும். பெருங்குடலில் குடியிருக்கும் கிருமிகள் கிடைத்ததடா விருந்து என்று அதைப் புளிக்கவைக்கும். ஒன்றரை நாள் சத்தமே இல்லை. பிறகு சித்திரை மாசத்து இட்லி மாவாக வயிறு பொங்கியது. அன்று கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே மனைவி, தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். அவள் தூக்கிப் போனது, தும்மல் இருமல் வந்தால் தையலுக்குத் தாங்கலாக நான் வயிற்றில் அணைத்துக்கொள்கிற தலையணை. அன்று ராத்திரி முழுக்க இருமலைக் கெஞ்சிக் கொண்டிருந்தேன்.

ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை. காபி, டீயோடு சேர்க்கக் கூடாது, எலுமிச்சைச் சாற்றோடு போடலாம் என்பதுவரை படித்தேன். ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கு பில்லைத் திருப்பி அனுப்பிய மகானுபாவன், சீட்டின் அடுத்த வரியைப் படிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை குனிந்து பார்த்தால், புதுசாகப் போட்ட ரோடு! ஐந்து மணிக்கு டாக்டரை எழுப்பினேன்.

"பிசுபிசுன்னு தார் மாதிரி இருக்கா? நாத்தம் அதிகமா? தலை சுத்துதா?"

"இல்லை டாக்டர். கெட்டியா, கறுப்பா..."

"அது இரும்பு மாத்திரையோட நிறம். நான் சொன்ன மாதிரி போனா மட்டும் நேரம் பார்க்காம உடனே வாங்க." கொட்டாவி விட்டுக்கொண்டே வைத்தார்.

ஆனால் நான் செய்த பெரும்பாவம் காபி விஷயத்தில்தான். கிருமிக்கென்று மெட்ரோனிடசோல் ஓடிக்கொண்டிருந்த வாரம், எதைக் குடித்தாலும் நாக்கில் பழைய எட்டணாக் காசை ஒட்டவைத்த ருசி. நான் மருந்தைச் சந்தேகிக்கவில்லை. பெண்டாட்டியைச் சந்தேகித்தேன். பொடி சரியில்லை என்றேன், கடையை மாற்றினாள். பால் சரியில்லை என்றேன். பாக்கெட்டின் கலர் மாறியது. பித்தளை ஃபில்டர் களிம்பேறிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். புளி போட்டுத் தேய்த்ததில் அதில் என் முகம் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர், "அந்த மருந்து எச்சில்லயே கலந்து வரும். நாக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வெள்ளிக்கிழமையோடு அந்த மாத்திரை தீர்ந்தது. திங்கட்கிழமை காலை முதல் வாய் காபி உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இதுதான் காபி! பொடியை மாத்துனியா?"

"இல்லை."

"பாலு?"

"அதேதான்."

"பின்னே, டிகாஷன்ல என்ன பண்ணுனே?"

"ஒண்ணும் பண்ணலை. நேத்து ராத்திரி நல்லாயில்லேன்னு தள்ளி வெச்சீங்களே, அந்த டம்ளரைத்தான் சுட வெச்சுக் கொண்டாந்தேன்."

இன்னும் அரை டம்ளர் இருக்கிறதா என்று கேட்டேன்.