அப்பாவுக்குக் கரண்டு வைப்பது எப்படி?

புற்று எலும்புக்கு இறங்கிவிட்டது. கூக்கால் மலைக்கிராமத்துப் பூண்டுக்காட்டில் படி ஏறி இறங்கிய மனுஷர், இப்போது கட்டிலை விட்டு எழுந்தாலே இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். "டென்ஸ் மெஷின் வைத்துப் பார்க்கலாம், தோலில் பேட் ஒட்டி லேசாகக் கரண்டு விட்டு வலியைத் தணிக்கப் பார்க்கும்" என்கிறார் பிசியோதெரபிஸ்ட். நல்ல யோசனை. எப்படிக் கெடுப்பது என்று பார்ப்போம்.

1. மெஷினை நீங்களே ஆன்லைனில் வாங்குங்கள். யாரிடமும் விவரம் கேட்காதீர்கள், சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று ஒரு வீடியோ பாருங்கள். பாதியில் சுற்ற ஆரம்பித்தால், பார்த்தவரை போதும்.

2. முதுகு முழுக்க யூகலிப்டஸ் தைலம் தேயுங்கள். அதன் மேலேயே பேடை ஒட்டுங்கள். வழுக்கி விழும், திரும்ப ஒட்டுங்கள். ரேடியேஷனில் கருகி உரிந்த தோல், மரத்துப்போன இடம், கழுத்தின் முன்பக்கம் எதையும் விடவேண்டாம். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு.

3. வலிக்காத, ஆனால் நன்றாகத் தெரிகிற குறுகுறுப்பு போதும் என்பார்கள். தொடு உணர்வு போய்த் தண்டுவடத்தில் வலியின் கதவைச் சாத்தும் என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-இல் எழுதியதை நம்பிச் சொல்கிறார்கள். நீங்கள் கடைசி நம்பர்வரை ஏற்றுங்கள். அப்பா துள்ளினால், "பாத்தியா, வேலை செய்யுது!"

4. படுத்திருக்கும்போது மட்டும் வையுங்கள். கொல்லைக்குப் போக எழுந்தால் உடனே கழற்றிவிடுங்கள். புற்று எலும்புக்குப் பரவிய 24 பேரை வைத்து 2010-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், அசையும்போதுதான் கொஞ்சம் பலன் தெரிந்தது. அதுவும் உறுதியில்லை, 2012-இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் கோக்ரேன் ஆய்வாளர்கள் ஆதாரம் போதாது என்றுவிட்டார்கள். இதையெல்லாம் சொந்தக்காரர்களிடம் சொல்லாதீர்கள். "கேன்சரே கரையுதாம்" என்று சொல்லுங்கள்.

5. மெஷின்தான் வந்தாச்சே, மார்ஃபின் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவையுங்கள். கடும் புற்றுவலிக்கு அதைக் கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வலி மருந்துகளுக்குப் படிக்கட்டு போட்டுக் காட்டியது. இருக்கட்டும்! அப்பா இந்த வயசில் 'அடிமை' ஆகிவிட்டால் ஊர் என்ன பேசும்? ஒரே தடவை கதிர்வீச்சிலேயே பலருக்கு எலும்பு வலி தணியும் என்று டாக்டர் ஆரம்பித்தால், கொண்டை ஊசி வளைவுகளில் அப்பாவுக்கு வாந்தி வரும் என்று சொல்லிவிடுங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்பு நர்சம்மா வீடு தேடி வந்தால், "தூங்குறாருங்க." கட்டிலில் முனகல் கேட்டால், டிவி சத்தத்தைக் கூட்டுங்கள்.

6. ஒருநாள் முதுகுவலி திடீரென்று கூடும். கால் துவளும், மரத்துப்போகும், ஒன்றுக்குப் போக வராது. தண்டுவடம் நெரிபடுகிறது, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் நடை மிஞ்சும் என்பார்கள். அவசரப்படாதீர்கள். மூட்டம் கலையட்டும், பூண்டு லோடு போகட்டும். லாரிக்காரர் "ஐயாவை முன் சீட்டுல ஏத்திக்கவா?" என்று கேட்டால், வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, புது பேட்டரி போடுங்கள்.