மைனஸ் நாலு விமானி

பணி ஓய்வு பெற்றுப் பொள்ளாச்சித் தோப்புக்குத் திரும்பிய மாமா ஒருவருக்குப் பறக்கிற ஆசை வந்ததற்கு, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து பவுலிங் கூடம் ஒன்றுதான் காரணம். 2021 மார்ச்சில் வெளியான வீடியோ அது. தெருவிலிருந்து கூடத்துக்குள் நுழையும் சின்ன டிரோன் ஒன்று, பீர் குடிப்பவர்களின் தோளை உரசி, பந்து உருளும் பாதையில் தாழப் பறந்து, குச்சிகளை அடுக்கும் எந்திரத்தின் வயிற்றுக்குள்ளும் புகுந்து வெளியே வரும். ஒன்றரை நிமிடம், ஒரு வெட்டுகூடக் கிடையாது. அதில் கேட்கும் பேச்சும் சத்தமும் பிறகு சேர்த்தவை என்று கோவையில் பொறியியல் படிக்கும் மருமகன் எடுத்துச் சொன்னான். மாமா காதில் வாங்கவில்லை. "மாப்ள, இது நம்மனால முடியுமாடா?" என்று மட்டும் கேட்டார்.

"முடியுங்க மாமா. ஆனா கண்ணாடி போடணும்."

"நாலாங்கிளாஸ்ல இருந்தே போட்டுட்டுத்தானடா இருக்கறேன்."

அது வேறு கண்ணாடி. கல்யாண வீட்டுக்கு மேலே நின்று பந்தலைப் படமெடுக்கும் டிரோன் செயற்கைக்கோளைப் பார்த்து இடம் பிடித்துக்கொள்ளும். கட்டுப்பாட்டுக் குச்சியிலிருந்து கையை எடுத்தால் அப்படியே அந்தரத்தில் நிற்கும், பயந்த சுபாவம். பவுலிங் கூடத்துக்குள் புகுந்த எஃப்பிவி டிரோன் அந்தச் சாதி இல்லை. அதன் மூக்கில் ஒரு கேமரா. அது பார்ப்பது, ஓட்டுகிறவர் முகத்தில் மாட்டியிருக்கும் காகிள்ஸில் அதே நொடியில் தெரியும். உடம்பு பிளாஸ்டிக் நாற்காலியில், கண் மட்டும் தென்னை உயரத்தில். தேர்ந்தவர்கள் ஓட்டும் 'அக்ரோ' முறையில் டிரோன் தானாக நிமிரவும் நிமிராது. சாய்த்துவிட்டுக் கையை எடுத்தால் சாய்ந்தபடியே போய்க்கொண்டிருக்கும், எதிரில் ஏதாவது வந்து நிறுத்தும்வரை.

முறைப்படி முதலில் வாங்க வேண்டியது ரேடியோ என்கிற கையடக்கக் கட்டுப்பாட்டுக் கருவி. அதை யுஎஸ்பி கம்பியில் கணினியோடு இணைத்து லிஃப்ட்ஆஃப், வெலோசிடிரோன் போன்ற சிமுலேட்டர்களில் மோதிப் பழக வேண்டும். அங்கே எத்தனை சுவரில் மோதினாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் டிரோன் முழுசாக எழுந்து நிற்கும், செலவு மின்சாரம் மட்டுந்தான். கை பழகிய பிறகு டிரோன், அதற்கேற்ற காகிள்ஸ். இந்த வரிசையை உலகம் முழுக்கச் சொல்லித்தருகிறார்கள், உலகம் முழுக்க யாரும் கேட்பதில்லை. முகத்தில் மாட்டிக்கொள்கிற பொருளுக்கு ஒரு மவுசு இருக்கிறது. மாமாவும் காகிள்ஸிலிருந்துதான் தொடங்கினார். ஆனால் ஆராய்ச்சி முடிய மாதக்கணக்கில் ஆனதால், வேறு வழியின்றி சிமுலேட்டரிலும் நன்றாகவே பழகிவிட்டார்.

ஆராய்ச்சியின் முதல் அத்தியாயம் அவருடைய கண். மாமாவுக்கு மைனஸ் நாலு. "கிட்டத்துல எனக்கு நல்லாத் தெரியுமே, திரை மூக்குக்கு முன்னாடிதான இருக்குது, கண்ணாடி எதுக்கு?" என்று வாதாடினார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணிலிருந்து சில சென்டிமீட்டரில் இருக்கும் திரையை யாராலும் உற்றுப் பார்க்க முடியாது என்பதால், காகிள்ஸுக்குள் இருக்கும் லென்ஸ் அந்தப் படத்தைத் தூரத்தில் இருப்பதுபோல் தள்ளிக் காட்டுகிறது. ஆகவே தூரத்துப் பேருந்தின் பலகையைப் படிக்க எது வேண்டுமோ, அது இங்கேயும் வேண்டும்.

இதற்கு உற்பத்தியாளர்கள் ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். டிஜேஐயின் காகிள்ஸ் 2, 2022-இல் வந்தது. அதில் ஒரு குமிழைத் திருகி பிளஸ் 2-இலிருந்து மைனஸ் 8 வரை வைத்துக்கொள்ளலாம். 2024-இல் வந்த காகிள்ஸ் 3-இல் மைனஸ் 6 வரைதான். மாமாவின் நாலு இரண்டிலும் அடங்கிவிடும். அடங்காதது அவருடைய சிலிண்டர் பவர். பார்வைச் சிதறலுக்கு எந்தக் குமிழும் உதவாது, தனியாக லென்ஸ் செய்து உள்ளே பொருத்த வேண்டும். அடுத்து, இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம். கண்ணாடிக் கடைச் சீட்டில் 'பிடி' என்று ஒரு மூலையில் எழுதியிருப்பார்களே, அதுதான். இத்தனை வருடம் கண்ணாடி போட்டும் மாமா அதைக் கவனித்ததே இல்லை. இந்த இரண்டு மாடலும் 56-இலிருந்து 72 மில்லிமீட்டர் வரை நகரும். அதற்கு வெளியே கண் அமைந்தவர்கள் காசு கொடுத்து மங்கலான ஓரங்களைப் பார்க்கலாம்.

பெட்டி வகை என்று இன்னொன்று உண்டு. ஒரே பெரிய திரை, அதற்கு முன்னால் ஒரு லென்ஸ், தாராளமான வயிறு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே உள்ளே முகத்தை நுழைத்துக்கொள்ளலாம். ஈச்சின் நிறுவனத்தின் ஈவி800டி இந்த வகையில் பலருக்கு முதல் காகிள்ஸாக இருந்திருக்கிறது. 5 அங்குலத் திரை, இரண்டு ஆண்டெனா, பறந்ததைப் பதிவு செய்யும் வசதி. முகத்தில் மாட்டினால் செங்கல்லைக் கட்டிக்கொண்டதுபோல் இருக்கும் என்பது உண்மை. மெல்லிய காகிள்ஸ் போட்டவர் மட்டும் அழகாக இருக்கிறாரா என்ன? கண்ணை மூடிக்கொண்டு வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் யாரும் அழகில்லை.

இரண்டாம் அத்தியாயம் இன்னும் வில்லங்கம். காகிள்ஸ் வாங்குவது என்றால் ரயில்பாதையின் அகலத்தைத் தேர்ந்தெடுப்பது மாதிரி: மீட்டர் கேஜில் அகலப்பாதை வண்டி ஓடாது. டிஜேஐ, எச்டி ஜீரோ, வாக்ஸ்னெய்ல் என்று டிஜிட்டலில் மூன்று பெரிய கூட்டங்கள், ஒன்றின் படம் இன்னொன்றின் காகிள்ஸுக்குப் புரியாது. இவற்றுக்கெல்லாம் மூத்தது அனலாக். 5.8 கிகாஹெர்ட்ஸில் பழைய தூர்தர்ஷன் போலப் புள்ளி புள்ளியாக வரும் படம், ஆனால் எந்த நிறுவனத்தின் பெட்டியும் எந்த நிறுவனத்தின் டிரோனோடும் பேசும்.

"இவ்வளவு மோசமான படத்தை எதுக்குடா பாக்கோணும்?" என்றார் மாமா.

மருமகன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குச் சுமார் 28 மீட்டர். படம் கண்ணுக்கு வந்து சேர 30 மில்லிநொடி தாமதமானால், ஓட்டுகிறவர் பார்க்கும் டிரோன் உண்மையான டிரோனுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் பின்னால் இருக்கிறது. பந்தயக்காரர்களுக்கு அந்த முழங்கணக்குத்தான் வாழ்வும் சாவும். அனலாக்கில் இந்தத் தாமதம் குறைவு, அதனால்தான் துல்லியமான படம் வந்த பிறகும் பலர் புள்ளிப் படத்தை விடவில்லை. இன்னொன்று, அனலாக்கில் சிக்னல் குறையும்போது படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கி, 'திரும்பிடு' என்று முன்கூட்டியே எச்சரிக்கும். டிஜிட்டல் கடைசிவரை பளிச்சென்று இருந்துவிட்டுத் திடீரென்று கட்டம் கட்டமாக உடையும் அல்லது உறைந்துபோகும்.

2016 மார்ச்சில் துபாயில் நடந்த உலக டிரோன் பந்தயத்தில் 2,50,000 டாலர் பரிசை வென்ற லூக் பானிஸ்டர் என்ற பிரிட்டிஷ் பையனுக்கு அப்போது வயது 15. இதைக் கேட்டதும் மாமா சற்று நேரம் பேசவில்லை. 2023-இல் சூரிச் பல்கலைக்கழகத்தார் 'ஸ்விஃப்ட்' என்ற தானியங்கி டிரோனைக் கொண்டு, மூன்று சாம்பியன்களோடு மோதிய 25 பந்தயங்களில் 15-ஐ வென்றார்கள் என்று சொன்னதும் முகம் தெளிந்தது. "அதுக்குக் காகிள்ஸும் வேண்டாம், பவரும் வேண்டாம். செயிக்காம என்ன பண்ணும்?"

மூன்றாவது தலைவலி சட்டம். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதியைத் தடை செய்தது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. எனவே இங்கே இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர் ஒருவகையில் மின்பொறியாளராகவும் ஆகிவிடுகிறார். மோட்டார், சட்டகம், மூளைப் பலகை, கேமரா எல்லாம் தனித்தனியாக வரும், பற்றவைக்க வேண்டியது நாம். சாப்பாட்டு மேசையில் ஈயம் உருகிய புகையைப் பார்த்து அத்தை, "ரசம் வெச்ச எடத்துல இதென்னங்க கருமாந்தரம்?" என்றார். ஆண்டெனா மாட்டாமல் மின்சாரம் கொடுத்தால் படம் அனுப்பும் சில்லு வெந்துபோகும் என்பதை மருமகன் ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினான். 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு உட்பட்ட நானோ வகைக்கு ஓட்டுநர் சான்றிதழ் வேண்டாம். சமையலறைத் தராசில் மருமகன் செய்த மூன்றங்குல டிரோன் பேட்டரியோடு அந்த எல்லைக்குள் அடங்கியது. தராசை அத்தை கழுவித் திருப்பி வைத்தார்.

முகத்துக்குப் பெட்டி வகை அனலாக் காகிள்ஸே முடிவானது. மூக்குக் கண்ணாடியோடு போடலாம், சிலிண்டர் பிரச்சினை இல்லை, விலையும் குறைவு. முதல் நாள் மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடி, டிரோன் வலப்பக்கம் திரும்பினால் தானும் வலப்பக்கம் சாய்ந்தார். மட்டை ஒன்று எதிரே வந்தபோது தலையைக் குனிந்தார். புதிதாக ஓட்டும் எல்லோரும் இப்படித்தான். கண் பறக்கிறது என்கிறது, உள்காது உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது, நடுவில் வயிறு குமட்டுகிறது. நின்றுகொண்டு ஓட்டினால் சிலர் விழுந்தே விடுவார்கள்.

தென்னந்தோப்பு அனலாக்குக்குக் கடுமையான பள்ளிக்கூடம். ஈரமான மரமும் ஓலையும் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தின்றுவிடும், இரண்டு வரிசை தாண்டினால் படத்தில் மழை பெய்யும். போதாக்குறைக்குக் கரிச்சான். தன் எல்லைக்குள் பருந்து வந்தாலே துரத்திக் கொத்துகிற பறவை, கீச்சென்று கத்திக்கொண்டு வரும் கார்பன் சட்டகத்துக்கா பயப்படும்? புல்லில் குப்புற விழுந்தால் ஆமை முறை என்று ஒன்று இருக்கிறது, மோட்டார்களைத் தலைகீழாகச் சுழற்றி டிரோன் தானே புரண்டு எழும். எங்கே விழுந்தது என்றே தெரியாவிட்டால் காகிள்ஸில் பதிவான கடைசிக் காட்சியை ஓட்டிப் பார்த்து, எந்த மரம், எந்த வரப்பு என்று கண்டுபிடிக்கலாம். தென்னையின் கொண்டையில் சிக்கினால் இந்தத் தொழில்நுட்பம் எதுவும் உதவாது, தேங்காய் பறிக்க ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

காகிள்ஸ் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர் பக்கத்தில், வெறுங்கண்ணால் டிரோனைப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளின் விதிகள் கேட்கின்றன. நல்ல வழக்கம் என்று அந்த வேலையை மாமா அத்தைக்குக் கொடுத்தார். அத்தைக்கு வானத்தை அண்ணாந்து பார்ப்பதில் சுவாரசியம் இல்லை. அனலாக்கில் ஒரே சேனலைப் பிடித்தால் எத்தனை பேர் வேண்டுமானாலும் அதே படத்தைப் பார்க்கலாம் என்று மருமகன் வாய்தவறிச் சொன்ன மறுவாரம், இன்னொரு பெட்டி காகிள்ஸ் வீட்டுக்கு வந்தது. வானத்தைப் பார்க்கிற வேலை மருமகனிடம் போனது.

இப்போது தோப்பில் இரண்டு நாற்காலி. அத்தை சாய்வதும் இல்லை, குனிவதும் இல்லை.

"ஏனுங்க, அந்த மூணாவது வரிசைக்குப் போங்க. எல்லா மரத்துலயும் பறிச்சாச்சுன்னு கூலி வாங்கிட்டுப் போனாங்களே, அங்க பாருங்க, ரெண்டு குலை அப்படியே தொங்குது."

"எறக்கோணும் புள்ள, பேட்டரி முடியப் போகுது."

"இன்னும் ரெண்டே மரம். ஆமா, கீழ மூலைல என்னமோ 3.4-ன்னு மினுக்குமினுக்குன்னு வருதே, அது என்னுங்க?"